முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எப்படி?

“உது பர்கரே இல்லை.”

பூசணிக்காயையும் மிஞ்சின சோற்றையும் சேர்த்துப் பிசைந்து, வட்டமாகத் தட்டி, தாச்சியில் சிவக்க எடுத்து, பணிசுக்குள் வைத்து யாருக்காவது கொடுத்துப் பாருங்கள். முதலில் வருகிற வசனம் இதுதான். இரண்டாவது வசனம் ஆளுக்கு ஆள் மாறும். கூடப் படிக்கிறவன் கேட்பான்: “ஏன், இறைச்சி வாங்கக் காசில்லையோ?” பண்பாட்டுக் கவலை உள்ள மாமா ஒருவர் கேட்பார்: “எங்கட சாப்பாடு இவ்வளவு இருக்க உந்த வெள்ளைக்காரன்ர சாமான் எதுக்கு?” பக்கத்து வீட்டு அன்ரி சந்தோசப்படுவா: “நல்லது பிள்ளை, சைவத்துக்கு மாறிட்டீரோ?” கடைசியாக யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லுவார்: “நல்லாத்தான் சமைக்கிறீர், இனிக் கலியாணம் பேசலாம் போல.”

ஒரு பூசணிக்காய்த் துண்டுக்கு இவ்வளவு பேர் இவ்வளவு கதைக்கினம் எண்டால், விசயம் பூசணிக்காய் இல்லை. எது மரியாதையான சாப்பாடு, எது எங்களுடைய சாப்பாடு, யார் சுத்தம், யார் சமைக்க வேண்டும் என்ற நாலு கேள்விகளுக்கும் எங்கள் சமூகம் பத்திரப்படுத்தி வைத்திருக்கிற விடைகள்தான் அந்த நாலு வசனங்களும். நாலும் பிழை. ஏன் பிழை என்பதையும், அந்தப் பர்கரை ஒழுங்காகச் செய்வது எப்படி என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். இரண்டும் வேறு வேறு விசயம் இல்லை.

காசில்லையோ?

ஓம், காசில்லைத்தான். மகாபொலவில் மாதத்தை ஓட்டுகிற ஒரு மாணவியிடம் இதைக் கேட்பவர் என்ன விடையை எதிர்பார்க்கிறார் என்று எனக்கு விளங்குவதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள் இருக்கிற கணக்கைக் கவனியுங்கள். இறைச்சி இருந்தால் உண்மையான பர்கர், மரக்கறி இருந்தால் போலி, அந்தப் போலியைச் சாப்பிடுகிறவர் வழியில்லாதவர்.

“போலி” என்ற கதையை முதலில் முடிப்போம். கட்லட் எங்கிருந்து வந்தது? பிரெஞ்சில் அது விலா எலும்போடு சேர்ந்த ஒரு துண்டு இறைச்சிக்குப் பெயர். அந்தப் பெயரை எடுத்து, ரின்மீனும் உருளைக்கிழங்கும் வைத்து உருட்டி, முட்டையில் தோய்த்து, றஸ்க் தூளில் பிரட்டிப் பொரித்து, பிறந்தநாளில் இருந்து செத்தவீட்டு முப்பத்தொன்று வரைக்கும் தட்டில் வைக்கிறோம். அதில் எலும்பும் இல்லை, விலாவும் இல்லை. “உது கட்லட்டே இல்லை” என்று எந்த மாமாவும் எழும்பிப் போனதாக நான் கேள்விப்படவில்லை. விடுதிகளில் வாரத்துக்கு மூன்று தரம் வருகிற சோயாமீற்றின் பெயரிலேயே இறைச்சி இருக்கிறது. அதையும் ஒருவரும் விசாரிப்பதில்லை. கிளாலி இறால் கிடைக்காத நாளில் வாழைப்பூவில் வடை சுடுகிற ஊர் இது. போலி என்ற சொல் எங்கள் குசினியில் இதுவரை இருக்கவில்லை. விளம்பரப் படங்களைப் பார்த்துப் பார்த்து இப்போதுதான் பழகியிருக்கிறோம்.

உண்மையிலேயே இறைச்சியைப் போல நடிக்கிற பர்கர் உலகத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் இம்பொசிபிள் ஃபூட்ஸ் நிறுவனம், சோயாச் செடியின் வேரில் இருக்கிற ஒரு புரதத்தை ஈஸ்ட்டில் வளர்த்தெடுத்துச் சேர்க்கிறது; கடித்தால் இரத்தம் போலச் சிவப்பாகக் கசிய வேண்டுமாம். அது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். பூசணிக்காய்ப் பர்கருக்கு அந்த ஆசை கிடையாது. வெட்டினால் மஞ்சளாக இருக்கும். கடித்தால் இனிக்கும், பிறகு உறைக்கும். அது எதைப்போலவும் இல்லை, தன்னைப்போல இருக்கிறது.

மரக்கறி பர்கரின் வரலாற்றையும் கொஞ்சம் பாருங்கள். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போல் வெனர் என்பவர் நடத்திய சிறிய மரக்கறி உணவகத்தில், மிஞ்சிப்போன மரக்கறிகளையும் சோற்றையும் தானியங்களையும் சேர்த்து அழுத்திச் செய்ததுதான் பின்னால் ‘கார்டன்பர்கர்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதாவது பிறப்பே மிச்சச் சோற்றில். பிறகு அது பெட்டிக்குள் போய், உறைபெட்டிக்குள் போய், பெரிய விளம்பரங்களுக்குள் போய், 2005இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு, 2007இல் கெலோக்ஸ் கையில் போய்ச் சேர்ந்தது. மிச்சத்தில் பிறந்ததைப் பெட்டிக்குள் போட்டு, மிச்சம் வைக்க வசதியுள்ளவர்களுக்கே திருப்பி விற்றார்கள். இப்போது கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் சில கடைப் பட்டியல்களில் மரக்கறி பர்கர் கோழி பர்கரை ஒட்டிய விலைக்கு நிற்கிறதென்றால் அதே கதையின் இன்னொரு அத்தியாயம்தான். அந்தக் காசுக்குச் சந்தையில் ஒரு முழுப் பூசணிக்காய் வாங்கலாம். நாலு பேர் இரண்டு நேரம் சாப்பிடலாம்.

பூசணிக்காய் மலிவாக இருப்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது, அது சந்தோசமான காரணம் இல்லை. வவுனியாவிலும் அநுராதபுரத்திலும் மொனராகலையிலும் ஒரே காலத்தில் விளைந்து தள்ளும். தம்புள்ளைச் சந்தைக்கு ஏற்றிக்கொண்டு போன லொறிக் கூலிக்கும் கட்டாத விலைக்குக் கேட்பார்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை தெருவோரத்தில் குவித்து வைத்த பூசணிக்காய்களின் படம் செய்தியில் வரும். நாங்கள் “ஐயோ பாவம்” போட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போவோம். நாலு மாணவர்கள் பர்கர் செய்தால் அந்தக் கமக்காரர் பிழைத்துவிடமாட்டார். அவருக்குத் தேவை களஞ்சியமும் நியாய விலையும், இடைத்தரகரைக் கட்டுப்படுத்துகிற ஒரு கொள்கையும். ஆனால் ஒரு காயை ஏழையின் காய் என்று முகம் சுளிக்கிற ஊரில், அந்தக் காயை விளைவிக்கிறவருக்கு மரியாதை எங்கிருந்து வரும்?

எங்கட சாப்பாடு எது?

மாமாவின் கேள்விக்கு வருவோம். பூசணிக்காய்க்குத் தமிழ்நாட்டில் பறங்கிக்காய் என்று பெயர். பறங்கி என்றால் ஐரோப்பியன், அதிலும் முதலில் போர்த்துக்கேயன். எங்கள் நாட்டில் பறங்கியர் என்று சொல்வது யாரை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் அவர்களுக்கு ‘பேர்கர்’ என்று பெயர், ஒல்லாந்தரின் ‘நகரவாசி’ என்ற சொல்லில் இருந்து வந்தது. சாப்பிடுகிற பர்கர் ஹம்பேர்க் என்ற நகரத்தின் பெயரில் இருந்து வந்தது. பூசணிக்காய்ப் பர்கரை அந்நியம் என்கிறவர்கள், காயும் அந்நியம்தான் என்பதை அதன் பெயரிலேயே வாசித்திருக்கலாம். இந்த மஞ்சள் பூசணி அமெரிக்கக் கண்டத்தில் பயிராக்கப்பட்டது. ஐரோப்பியக் கப்பல்கள் அங்கே போய்வந்த பிறகுதான் எங்கள் பக்கம் வந்தது. மிளகாயும் அப்படித்தான். தக்காளி, உருளைக்கிழங்கு, மரவள்ளி, பப்பாசி, சோளம், கச்சான், எல்லாம் அந்தப் பக்கம். மிளகாய் இல்லாத யாழ்ப்பாணக் கறியை நினைத்துப் பாருங்கள் மாமா.

“சரி, குரக்கன் எங்கட பாரம்பரியம் தானே” என்பார்கள். குரக்கன் கிழக்கு ஆபிரிக்க மேட்டுநிலத்துப் பயிர். அங்கிருந்து மிகப் பழைய காலத்தில் இந்தியாவுக்கு வந்து, இலங்கையில் சேனைகளில் விளைந்து, எங்கள் பிட்டாகவும் றொட்டியாகவும் ஆனது. பாண் போர்த்துக்கேயச் சொல். அந்தப் பாணை வெட்டி வைக்கிற குசினியும் போர்த்துக்கேயச் சொல். எங்கட சாப்பாடு என்று ஒன்று இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் அது வானத்தில் இருந்து விழவில்லை. வந்ததை எல்லாம் வாங்கி, தேங்காயும் கறித்தூளும் போட்டு, எங்கள் நாக்குக்குப் பழக்கின மனிசரின் வேலைதான் அது. இன்றைக்கு ஒருத்தி பூசணிக்காயையும் சோற்றையும் பணிசுக்குள் வைக்கிறதும் அதே வேலைதான். பாட்டி செய்தால் பாரம்பரியம், பேத்தி செய்தால் சீரழிவு என்பது வரலாறு இல்லை, விசர்க்கதை.

உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய அந்நியம் பணிசுக்குள் வைத்த காயில் இல்லை, பணிசில் இருக்கிறது. கோதுமை இந்த நாட்டில் விளைவதில்லை. 1954இல் அமெரிக்கா தன் மிகைத் தானியங்களை வெளிநாடுகளுக்கு அனுப்பச் சட்டம் கொண்டுவந்த காலத்திலிருந்து கோதுமை மா இங்கே மலிவு உணவாக ஊன்றியது. 1980களின் தொடக்கத்திலிருந்து திருகோணமலையில் ஒரு பெரிய ஆலை கப்பலில் வருகிற கோதுமையை அரைக்கிறது. இன்றைக்கு எங்கள் காலைப் பாண், பின்னேர றோல்ஸ், இரவுக் கொத்து எல்லாம் கப்பலை நம்பித்தான் இருக்கின்றன. 2022இல் டொலர் இல்லாமல் போனபோது கோதுமை மாவின் விலை பல மடங்காக ஏறியதை எங்கள் வயதுக்காரர் யாரும் படித்துத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. கொத்துறொட்டிக்கு வராத பண்பாட்டுக் கவலை பூசணிக்காய்க்கு வருகிறதென்றால் அது பண்பாட்டுக் கவலை இல்லை. இளசுகள் புதிதாக எதையாவது செய்தால் வருகிற எரிச்சல்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களையும் விடக்கூடாது. ஐக்கிய நாடுகள் 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததில் இருந்து சாமையும் வரகும் தினையும் அழகான பொதிகளில், பச்சை இலைப் படத்தோடு, அரிசியை விடக் கூடின விலைக்கு வருகின்றன. “முன்னோர் உணவு” என்று மேலே எழுதியிருக்கும். அந்த முன்னோர் அதைச் சாப்பிட்டது நெல் வயல் இல்லாததால் என்ற செய்தி பொதியில் இராது. தானியப் பர்கர் என்றால் கினோவா தேட வேண்டும், வரகு தேட வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதேயுங்கோ. சோறும் தானியம்தான். நேற்றுப் பானையில் மிஞ்சின சிவப்பரிசிச் சோறு காணும்.

செய்கிற விதம்

இது ஆறு துண்டுக்கான கணக்கு. அவண் வேண்டாம். ஒரு தாச்சி, ஒரு மூடி, அடுப்பு போதும்.

அரைக் கிலோ மஞ்சள் பூசணி. தசை தடிப்பாகவும் இறுக்கமாகவும் இருக்கிற காயாகப் பார்த்து எடுங்கள். பெரும்பாலானோர் கோட்டை விடுவது முதல் படியில்தான்: தண்ணீர் விட்டு அவிப்பார்கள். பூசணிக்காயில் பத்தில் ஒன்பது பங்கு ஏற்கெனவே தண்ணீர். மேலும் தண்ணீர் விட்டால் பர்கர் வராது, புக்கைதான் வரும். தோலோடு தடித்த துண்டுகளாக வெட்டி, தாச்சியில் கொஞ்ச எண்ணெய் தடவி அடுக்கி, மூடி, மெல்லிய நெருப்பில் இருபது நிமிடம் விடுங்கள். தன் தண்ணீரிலேயே வெந்துவிடும். பிறகு மூடியைத் திறந்து, இன்னும் பத்து நிமிடம், அடிப்பக்கம் சிவந்து கருகத் தொடங்கும் வரை வற்ற விடுங்கள். இனிப்பும் வாசமும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் வரும். ஆறினதும் தோலைக் கழற்றி மசியுங்கள்.

ஒன்றரைக் கோப்பை ஆறின சிவப்பரிசிச் சோறு. சூட்டுச் சோறு சரிவராது. ஆறிக் குளிர்ந்த சோற்றில் மாச்சத்து இறுகி நிற்கும், அந்த இறுக்கம்தான் துண்டு உடையாமல் காப்பாற்றும். பாதியைக் கையால் நன்றாகப் பிசையுங்கள், அது பசை. மற்றப் பாதியைச் சோறாகவே விடுங்கள், அது கடிபடுகிற பகுதி. பிரிட்ஜ் இருந்தால் நேற்றைய சோறு. இல்லாவிட்டால் காலமை காய்ச்சினது பின்னேரத்துக்கு. இரவிரவாக வெளியில் கிடந்த சோற்றைப் பாவிக்காதேயுங்கோ, வயிற்றுக்குக் கேடு.

அரைக் கோப்பை அவித்த கடலைப்பருப்பு அல்லது கௌபி, தண்ணீரை வடித்து, அரைகுறையாக நசித்தது. இதை விட்டுவிட்டுப் பூசணியிலும் சோற்றிலும் மட்டும் நின்றால் வயிறு நிறையும், இரண்டு மணித்தியாலத்தில் திரும்பப் பசிக்கும். பூசணியில் புரதம் மிகக் குறைவு. நூறு கிராமுக்கு ஒரு கிராம் அளவுதான். ஆரோக்கியப் பக்கங்களில் யாரும் இதைச் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் மஞ்சள் நிறப் படம் வடிவாக இருக்கிறது.

மூன்று மேசைக்கரண்டி குரக்கன் மா, வெறும் தாச்சியில் வறுத்தது. இது மிஞ்சின ஈரத்தைக் குடிக்கும். பத்துச் சின்ன வெங்காயம், மூன்று பச்சை மிளகாய், இரண்டு பல்லு உள்ளி, ஒரு நெட்டுக் கறிவேப்பிலை, எல்லாம் பொடியாக வெட்டி வதக்கினது. ஒரு தேக்கரண்டி பெருஞ்சீரகம், இடிச்ச மிளகு, ஒரு கரண்டி யாழ்ப்பாணக் கறித்தூள். உப்பைக் கடைசியில், தட்டுவதற்குச் சற்று முதல் போடுங்கள். முதலே போட்டால் வெங்காயமும் பூசணியும் தண்ணீர் விடத் தொடங்கும்.

பிசைந்ததை அரை மணித்தியாலம் குளிரில் வையுங்கள். விரல் தடிப்பில் தட்டுங்கள். தாச்சியில் எண்ணெய் காய்ந்த பிறகு போட்டு, ஒரு பக்கத்துக்கு நாலைந்து நிமிடம் தொடாமல் விடுங்கள். அவசரப்பட்டுப் பிரட்டினால் உடையும். அடியில் பொருக்கு வந்தால் அது தானாகவே தாச்சியை விட்டுக் கழரும். அப்படியும் உடைந்தால் இன்னும் ஒரு கரண்டி குரக்கன் மா. அதற்கு மேல் போடாதேயுங்கோ, தொண்டைக்குள் ஒட்டும்.

துண்டும் மெது, பணிசும் மெது என்பதால் நடுவில் நறுக்கென்று ஒன்று வேண்டும்: பச்சைக் கோவா, வெள்ளரிக்காய், அல்லது பொரித்த வெங்காயம். தக்காளிச் சோசுக்குப் பதிலாக வல்லாரைச் சம்பல் வைத்துப் பாருங்கள். பணிஸ் பிடிக்காவிட்டால் குரக்கன் றொட்டிக்குள் மடியுங்கள். “அப்ப அது பர்கர் இல்லையே” என்று யாராவது சொல்லட்டும். சொல்லிக்கொண்டே இரண்டாவதை எடுப்பினம்.

சைவமோ?

இந்தக் கட்டுரையில் ஒரு இடத்திலாவது “சைவ பர்கர்” என்று நான் எழுதவில்லை, கவனித்தீர்களா? மரக்கறி பர்கர் என்றே எழுதுகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

முதலாம் வருடம் கம்பசுக்குக் கிட்ட அறை தேடித் திரிந்தபோது, கேற்றடியில் நின்றே கேட்கப்படும் முதல் கேள்வி “சைவமோ?” என்பது. நான் நினைத்தேன் குசினி மணம் பற்றிய கவலையாக்கும் என்று. இரண்டாவது கேள்வி வந்த பிறகுதான் முதலாவதின் அர்த்தம் விளங்கும். “எந்த ஊர்?” சொன்னால், “ஊரில எவடம்?” சொன்னால், “அப்பா என்ன செய்யிறார்?” ஒரு வீட்டில் மூன்றாவது கேள்விக்குப் பிறகு அறை திடீரென்று யாரோ உறவுக்காரருக்குத் தேவைப்பட்டுவிட்டது. மீன், இறைச்சி பற்றி அதற்குப் பிறகு ஒரு கதையும் இல்லை. இது எனக்கு மட்டும் நடந்ததில்லை என்பது இதை வாசிக்கிற கனபேருக்குத் தெரியும். “சைவ உணவு உண்பவர்களுக்கு மட்டும்” என்று ஒட்டியிருக்கிற நோட்டீசுகளில் எத்தனை வயிற்றைப் பற்றியது, எத்தனை சாதியைப் பற்றியது என்பதைப் பிரித்துச் சொல்ல ஒருவராலும் ஏலாது. அந்தப் பிரிக்க ஏலாத தன்மைதான் அதன் வசதி.

சாப்பாட்டை வைத்து ஆட்களைப் பிரிப்பது எங்களுக்குப் புதிது இல்லை. 1960களின் கடைசியில் யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளுக்குள் சமமாக இருந்து ஒரு கோப்பை தேநீர் குடிப்பதற்காகவே மனிதர்கள் போராட வேண்டியிருந்தது. அதுவரை ஒடுக்கப்பட்டவர்களுக்குத் தனிப் பேணி, தனி இடம், சில கடைகளில் வெறும் போத்தல். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்தது என்ன என்று பாடசாலைப் புத்தகம் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. சுத்தம் என்ற சொல் எங்கள் ஊரில் ஒருபோதும் சவர்க்காரத்தைப் பற்றியதாக மட்டும் இருந்ததில்லை.

ஆகவே அன்ரி, நான் எதற்கும் மாறவில்லை. பூசணிக்காய்ப் பர்கர் எனக்குப் பிடிக்கும், மலிவு, நாலு பேருக்குக் காணும். அடுத்த நாள் சூடை வாங்கித் தீயல் வைப்போம். ஒரு மரக்கறி உணவைச் சாப்பிடுவதால் நான் ஒருவரை விடவும் உயர்ந்து போவதில்லை. மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை என் பக்கத்தில் இருந்து அதே பர்கரைச் சாப்பிடுவாள், அவளுடைய தட்டில் நெத்தலிப் பொரியலும் இருக்கும். விலங்குகள் மேலான அக்கறையாலோ, காலநிலை பற்றிய கவலையாலோ, நோயாலோ, விரதத்தாலோ மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. அவரவர் வயிறு அவரவருடையது. ஆனால் தன் தட்டைக் காட்டி அடுத்தவரைக் கேற்றடியில் நிறுத்துகிற சைவத்துக்கு என் பூசணிக்காயைக் கடனாகத் தரமாட்டேன்.

வீட்டில் யார் செய்கிறது?

“வீட்டிலேயே செய்யலாம்! 15 நிமிடத்தில் சத்தான மரக்கறி பர்கர்!” இப்படியான காணொளிகள் நிறைய இருக்கின்றன. மேலே நான் எழுதிய செய்முறையைத் திரும்பப் பார்த்து நேரத்தைக் கூட்டுங்கள். சந்தைக்குப் போய்வருவது. பருப்பு ஊறப்போடுவது இரண்டு மணித்தியாலம், அவிப்பது அரை மணித்தியாலம். பூசணி வெட்ட, வேக, வற்ற முக்கால் மணித்தியாலம். வெங்காயம் உரிப்பது. பிசைவது. குளிர வைப்பது. இரண்டு தரமாகப் பொரிப்பது. பிறகு தாச்சி, சட்டி, கரண்டி, அடுப்பு எல்லாம் கழுவுவது. இதில் எங்கே இருக்கிறது 15 நிமிடம்? மிச்சத்தை யாரோ ஒருவர் படத்துக்கு வெளியில் நின்று செய்து வைத்திருக்கிறார். எங்கள் வீடுகளில் அந்த யாரோ ஒருவருக்கு அம்மா என்று பெயர்.

“கடைச் சாப்பாடு கூடாது, வீட்டில சமைச்சுச் சாப்பிடோணும்” என்று சொல்வது இலேசு. இந்த வசனத்தில் எழுவாய் இல்லை. சமைக்கிறது யார்? எழுவாய் இல்லாமல் பேசுவது எங்கள் ஆண்களுக்கு நல்ல வசதி. பொருளாதாரத் தற்சார்பு, உள்ளூர் உற்பத்தி, பன்னாட்டுக் கம்பனி எதிர்ப்பு என்று பின்னேரம் ஆறு மணி வரைக்கும் மரத்துக்குக் கீழ் இருந்து கதைத்துவிட்டு, ஏழு மணிக்கு வீட்டில் பிட்டு அவிந்து கிடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவரின் தற்சார்பு யாருடைய கையில் நிற்கிறது?

எங்கள் போர்டிங்கில் நாலு பெண்கள். முறைவைத்துச் சமைக்கிறோம். ஒருத்திக்கு வெட்டு, ஒருத்திக்கு அடுப்பு, ஒருத்திக்குக் கழுவல், ஒருத்திக்கு அன்றைக்கு ஓய்வு. அந்த நாலாவது ஆளின் ஓய்வுதான் இந்த ஏற்பாட்டின் முழுப் பெறுமதியும். அதே தெருவில் எங்கள் பட்ச் ஆண்கள் ஐந்து பேர் ஒரு வீட்டில் இருக்கிறார்கள். நல்ல பெடியள். அவர்களிடமும் அடுப்பு இருக்கிறது. இரண்டு வருடமாக அதில் தேத்தண்ணியும் நூடில்சும் தவிர வேறு ஒன்றும் ஏறினதில்லை. பாதிச் சம்பாத்தியம் சாப்பாட்டுக் கடைக்குப் போகிறது என்று அழுவார்கள். சமைக்கத் தெரியாது என்பார்கள். ஆய்வு முறையியல் தெரிகிறது, கிரம்சி தெரிகிறது, பூசணிக்காய் வெட்டத் தெரியாதாம்.

அதனால்தான் “இனிக் கலியாணம் பேசலாம்” என்ற பாராட்டு எனக்கு எரிச்சலைத் தருகிறது. ஆண் ஒருவன் இதே பர்கரைச் செய்தால் “செஃப்” என்பார்கள். நான் செய்தால் ஒரு முகம் தெரியாத வீட்டின் குசினிக்கு நேர்முகத் தேர்வு. சமையல் ஒரு அறிவு. எவ்வளவு ஈரம், எவ்வளவு சூடு, எப்ப உப்பு என்று தெரிந்திருப்பது அறிவு. அதை அறிவாக மதித்தால் எல்லோரும் பழக வேண்டும். கடமையாக மதித்தால் அரைவாசிப் பேருக்கு மட்டும் போதும். எங்கள் சமூகம் இரண்டாவதைத் தெரிந்தெடுத்துவிட்டு, முதலாவதைப் பற்றி அம்மா கவிதை எழுதிக்கொண்டிருக்கிறது.

வெளியில் உள்ளவர்களை மட்டும் சொல்லி என்ன பயன்? எங்களுடையது போன்ற வாசிப்பு வட்டங்களிலும், படத் திரையிடல்களிலும் பாருங்கள். முதல் ஒரு மணித்தியாலம் பெண்ணியம் கதைப்போம். இடைவேளையில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு வருவது யார், முடிந்த பிறகு கழுவுகிறது யார் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு சின்ன முன்மொழிவு வைக்கிறேன். அடுத்த கூட்டத்துக்குச் சிற்றுண்டி பூசணிக்காய்ப் பர்கர். செய்கிறவர்கள், கடந்த கூட்டத்தில் கூடுதல் நேரம் பேசின நாலு ஆண்கள். சோறு எப்படி, பருப்பு எவ்வளவு, எப்ப உப்பு என்பதெல்லாம் மேலே இருக்கிறது. சந்தேகம் வந்தால் கேளுங்கள், சொல்லித் தருவோம். கையில் கரண்டியை மட்டும் வாங்கித் தரமாட்டோம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா என்று தமிழில் காலங்காலமாகக் கேட்கிறார்கள். முடியும், அரைக் கிலோவுக்கு ஒன்றரைக் கோப்பை சோறு. ஆனால் கழுவாமல் கிடக்கிற தாச்சியையும், கேற்றடியில் கேட்கப்பட்ட மூன்றாவது கேள்வியையும், தெருவோரத்தில் அழுகிற விளைச்சலையும் மறைக்க இந்த நாட்டில் விளைகிற நெல் முழுக்க அவித்தாலும் காணாது.